கண்டிச் சீமையில் மருத்துவமும் மக்கள் பங்கேற்பும்

கண்டி மாவட்டத்தின் அரசாங்க வைத்தியசாலைகளில், நோயாளர் காத்திருக்கும் வாங்கிலும் தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியிலும் தண்ணீர்த் தாங்கியிலும் யாரோ ஒருவரின் பெயர் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். தாயின் நினைவாக ஒரு மகன் கொடுத்திருப்பார். ஊர்க் கடைக்காரர் கொடுத்திருப்பார். ஏதோ ஒரு கழகம் கொடுத்திருக்கும். இலவச மருத்துவம் அரசின் கடமை என்று ஏற்றுக்கொண்ட நாட்டிலும் ஊராரின் கை இப்படிச் சேவைக்குள் நுழைந்துவிடுகிறது. சிரமதானமும் இரத்ததான முகாமும் மரண உதவிச் சங்கமும் முதியோர் சங்கமும் அந்தக் கையின் வேறு வேலைகள். கொடுப்பதில் கண்டி மக்கள் பின்னின்றதில்லை. எந்தச் சேவை, எங்கே, எந்த மொழியில் என்று முடிவெடுக்கும் இடத்தில் அவர்களுக்கு என்ன பங்கு கிடைத்தது என்று கேட்டால் பதில் ஊருக்கு ஊர், சமூகத்துக்குச் சமூகம் மாறுகிறது.

ஒழுங்கமைப்பு

கண்டி மாவட்டத்தில் 20 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அதன் மக்கள்தொகை 13 இலட்சத்து 75 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் சிங்களவர். முஸ்லிம்கள் 100க்கு 14 பேர் அளவில் வாழ்கிறார்கள். இலங்கைத் தமிழரும் மலையகத் தமிழரும் சேர்ந்து 11 பேர் அளவில். நாட்டின் இரண்டாவது பெரிய வைத்தியசாலையான கண்டி தேசிய வைத்தியசாலை நகரிலேயே இருக்கிறது. சில கிலோமீற்றர் தள்ளிப் பேராதனையில் 1962இல் மருத்துவ பீடமும் 1980இல் போதனா வைத்தியசாலையும் தொடங்கப்பட்டன.

சாதாரணக் குடும்பத்துக்கு இந்தப் பெரிய கட்டடங்களைவிட நெருக்கமானவர் குடும்ப சுகாதார உத்தியோகத்தர். ஊர்வழக்கில் அவர் "மிட்வைஃப்". கருவுற்ற நாளிலிருந்து பிள்ளை பாடசாலை போகும் வரை வீட்டு வாசற்படி ஏறி வரும் அரசாங்கம் அவர்தான். கிணற்றையும் கடையையும் நுளம்புக் குடம்பியையும் பார்க்க வருபவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது "பி.எச்.ஐ." இவர்கள் இருவரும் சுகாதார வைத்திய அதிகாரியின் கீழ் வேலை செய்கிறார்கள். 1926இல் களுத்துறையில் பரீட்சித்துப் பார்த்த சுகாதாரப் பிரிவு முறையே பின்னர் நாடெங்கும் பரவி இந்த வடிவத்தை எடுத்தது. நோய் வந்தபின் மருந்து கொடுப்பதற்கு மாறாக, வருமுன் வீடு தேடிப் போவது அதன் அடிப்படை. வீட்டுக்காரர் ஒத்துழைக்காவிட்டால் அந்த முறை ஒரு நாளும் நடக்காது என்பதால், மக்கள் பங்கேற்பு என்ற சொல் புழக்கத்துக்கு வருமுன்பே அந்த வேலை இங்கே தொடங்கிவிட்டது. பேராதனை மருத்துவ பீடமும் தன் மாணவர்களை அருகிலுள்ள ஹிந்தகல பகுதிக் குடும்பங்களுக்கு அனுப்பிச் சமுதாய மருத்துவத்தைக் கற்பித்தது.

தொண்டர்களின் காலம்

1978 செப்டெம்பரில் அல்மா அட்டாவில் கூடிய உலக நாடுகள் வெளியிட்ட பிரகடனம், தங்கள் சுகாதாரத்தைத் திட்டமிடுவதிலும் நடைமுறைப்படுத்துவதிலும் பங்கேற்பது மக்களின் உரிமையும் கடமையும் என்று அறிவித்தது. திட்டமிடுதல், நடைமுறைப்படுத்துதல் என்ற இரண்டும் அங்கே ஒரே மூச்சில் சொல்லப்பட்டன. இலங்கை இரண்டாவதைத்தான் வேகமாகப் பற்றிக்கொண்டது. 1970களில் தொடங்கிய சுகாதாரத் தொண்டர் திட்டம் 1980களில் பெரிதாக வளர்ந்தது. சம்பளமில்லாத இளைஞர்களும், பெரும்பாலும் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த யுவதிகளும், சில வீடுகளைப் பொறுப்பேற்றுத் தடுப்பூசி நாளை நினைவூட்டினார்கள். கிளினிக்குக்கு வராத தாயைத் தேடிப் போனார்கள்.

அத்திட்டத்தை ஆராய்ந்து கில் வால்ட், மர்ட்டில் பெரேரா, கிறிஸ் ஹெகன்ஹோகன் ஆகியோர் 1989இல் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கத்தக்கது. தொண்டர்கள் வேகமாக விலகிப் போனதையும், பெயர்ப் பட்டியலில் இருந்தவர்களில் பலர் அதிகம் செயற்படாமல் இருந்ததையும் அவர்கள் பதிவு செய்தார்கள். மிட்வைஃப் ஆதரவாக நின்ற இடங்களில் வேலை நன்றாக நடந்தது. வேலை கிடைத்ததும் தொண்டர் போய்விடுகிறார் என்பதைச் சிலர் ஊக்கக் குறைவாக எடுத்துக்கொள்வதுண்டு. வறிய வீட்டுப் பெண் சம்பளமில்லாமல் எத்தனை ஆண்டுகள் உழைக்க முடியும் என்று திட்டம் வகுத்தவர்கள் முதலிலேயே எண்ணியிருக்க வேண்டும். இன்றைய தாய்மார் ஆதரவுக் குழுக்கள் அந்தப் பழைய முயற்சியின் வழித்தோன்றல்கள். இவை மிட்வைஃபின் பிரிவுக்குள் சிறு குழுக்களாகக் கூடித் தாய்ப்பால், பிள்ளையின் நிறை, வீட்டு உணவு ஆகியவற்றைப் பற்றிப் பேசுகின்றன.

தோட்டங்கள்: பிறர் வகுத்த தேவை

தெல்தோட்டை, கலஹா, புசல்லாவை, பன்விலை, மடுல்கலை, ஹந்தானை என்று நகரைச் சுற்றியுள்ள மலைகளில் ஏறினால் கதை மாறிவிடுகிறது. கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்து வந்த தமிழ்த் தொழிலாளர்களில் பலர் கொலராவுக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே பலியானார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். ஐந்தாண்டுகள் கழித்து, 1872இல், மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. 1912இல் அது திருத்தி எழுதப்பட்டது. தொழிலாளியின் மருத்துவத் தேவை எது என்று சட்டம் சொன்னது, தோட்டத்தை நிர்வகித்த துரை சொன்னார், அதிகாரி சொன்னார். நோயுற்றவரிடம் யாரும் கேட்கவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரி நிர்வாகத்தின் கையில் இருந்தது. வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர், அதாவது நாட்கூலி, இல்லை என்ற ஏற்பாட்டில், காய்ச்சலோடு மலையேறுவதா வீட்டில் படுப்பதா என்பது மருத்துவம் தீர்க்கிற கேள்வியாக இருக்கவில்லை.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. வாக்கில்லாதவரின் முறைப்பாட்டுக்கு வைத்தியசாலையும் பாதையும் பதில் சொல்லத் தேவையில்லை. 1970களின் நடுப்பகுதியில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது தோட்டங்களில் சிசு மரணம் ஆயிரம் பிறப்புக்கு 100ஐத் தாண்டிப் போனது. எஞ்சியிருந்தோரின் பிரஜாவுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்ந்தது.

வாக்கு வந்தபின்னும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆவது பிரிவு, சபை நிதியைத் தோட்டப் பகுதிகளில் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. தோட்டத் தொழிலாளி பிரதேச சபைக்கு வாக்களிக்கலாம், உறுப்பினராகவும் ஆகலாம்; தான் வாழும் லயத்துக்கு, அதாவது வரிசை வீட்டுக்கு, போகும் பாதைக்கு அந்தச் சபையிடம் காசு கேட்க முடியாது. அந்தப் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. சுகாதாரம் பற்றிய கட்டுரையில் உள்ளூராட்சிச் சட்டத்துக்கு என்ன வேலை என்று தோன்றலாம். வடிகாலும் குடிநீரும் பாதையும் வயிற்றோட்டத்தையும் பிரசவத்தையும் நேரடியாகத் தொடுகிற விஷயங்கள்.

இந்த இடைவெளியில்தான் கண்டியில் இயங்கிய நிறுவனங்களின் பங்கு பெரிதாகிறது. இயேசு சபைக் குருவான போல் காஸ்பர்ஸ் 1972இல் கண்டி நகரில் சத்தியோதய நிலையத்தைத் தொடங்கினார். அங்கே சிங்களக் கிராமத்தவரும் தோட்டத் தமிழரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து தங்கள் குறைகளைப் பேசினார்கள். இரு தரப்பும் ஒரே மலையில் வாழ்ந்தும் ஒருவர் வீட்டை ஒருவர் அறியாத காலம் அது. கண்டியில் இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவகம் தோட்டத் தொழிலாளரின் உரிமைகளுக்காக உழைத்ததோடு, கம்பளைக்கு அருகே பழைய லயமொன்றைத் தேயிலைத் தொழிலாளர் நூதனசாலையாகவும் மாற்றியது.

சர்வதேசத் தொண்டு நிறுவனமான கெயார் மலையகத் தோட்டங்களில் அறிமுகப்படுத்திய சமூக அபிவிருத்தி மன்றம் இன்னொரு படி மேலே சென்றது. தொழிலாளரின் பிரதிநிதிகள், தோட்ட நிர்வாகம், தொழிற்சங்கங்கள், அயற்கிராமத்தவர், அரசாங்க அலுவலர் எல்லோரும் ஒரு வட்டத்தில் அமரும் ஏற்பாடு இது. துரை முன் நின்றே பேசிப் பழகிய இடத்தில், கொழுந்து பறிக்கும் பெண் துரைக்கு எதிர்க் கதிரையில் அமர்ந்து தண்ணீர்க் குழாயைப் பற்றிக் கேட்டார். வாங்குக்கும் மின்விசிறிக்கும் பணம் கொடுப்பதிலிருந்து இது அடியோடு வேறான பங்கேற்பு. இதன் பயன் கூலிப் பேச்சுவார்த்தையோடு நின்றுவிடவில்லை. கழிவறை, குடிநீர் போன்ற அன்றாடப் பிரச்சினைகளும் பேசித் தீர்க்கும் விஷயங்களாயின.

பிள்ளைக்காம்பராவையும் இங்கே சொல்ல வேண்டும். தாய் மலைக்குப் போனபின் கைக்குழந்தை நாள் முழுவதும் இருக்கும் இடம் அது. ஒரு காலத்தில் ஓர் ஆயாவும் சில சேலைத் தொட்டில்களும் மட்டுமே இருந்தன. அரசும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து நடத்தும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் இவற்றைச் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாற்றி, பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்களை நியமித்தது. அப்படியிருந்தும் 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருக்கையில், தோட்டங்களில் அது 31.7 வீதம். பிள்ளையின் நிறை அட்டையில் கோடு சரிவதை மிட்வைஃப் காண்கிறார். கோடு ஏன் சரிகிறது என்பது தாய்க்குத் தெரியும். அவர்கள் இருவரும் ஒரே மொழியில் பேச முடிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

மொழிதான் கண்டிப் பகுதியில் தீராத குறை. 1987இல் தமிழும் அரசகரும மொழியானது. என்றாலும் வார்டில் நோயாளி தமிழில் சொல்வதைச் சிற்றூழியரோ பக்கத்துக் கட்டில்காரரோ சிங்களத்தில் சொல்லி உதவும் காட்சி மறையவில்லை. பெண்ணொருத்தி தன் உடம்பைப் பற்றி அந்நிய ஆண் வழியாகச் சொல்ல நேர்வது மருத்துவக் குறை மட்டுமல்ல, அவமானமும்கூட. ஊர்ச் சங்கம் ஒன்று வைத்தியசாலைக்குக் கட்டில் கொடுப்பதைவிட, கிளினிக் நாளில் இருமொழி தெரிந்த ஒருவரை உட்காரவைத்தால் எத்தனையோ பேருக்கு உதவும்.

நகரமும் நோய்க்காலமும்

கண்டி நகரின் மகியாவையில், பிரித்தானியர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து நகரத் துப்புரவுப் பணிக்குக் கொண்டுவரப்பட்ட தமிழரின் சந்ததியினர் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் கலிங்க டியூடர் சில்வாவும் உடனாய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட சாதி பற்றிய ஆய்வு, ஊரின் குப்பையை அகற்றும் இந்த மக்கள் சுமக்கும் இழிவை எடுத்துக்காட்டியது. நகரின் சுகாதாரத்தை இவர்களின் உழைப்பு தாங்குகிறது. சுகாதாரத் திட்டங்களில் இவர்கள் பெயர் பயனாளிகளின் பட்டியலில்தான் வருகிறது.

2017இல் நாடு முழுவதும் 1,86,101 பேருக்கு டெங்கு தொற்றியதாகப் பதிவானபோது, அரசு சிரமதானத்தைத்தான் பெரிதும் நம்பியது. கூரைப் பீலியும் சிரட்டையும் வீட்டுக்காரரின் கையில் உள்ளவை; பொது வடிகாலும் குப்பை அள்ளும் லொறியும் அவர் கையில் இல்லை. 2007ஆம் ஆண்டு நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் வீட்டுக்காரருக்குத் தண்டம் விதிக்கலாம். அடைபட்ட வடிகாலைக் குறித்து வீட்டுக்காரர் நடவடிக்கை கேட்க அதே அளவு எளிதான வழி இல்லை.

2020 மார்ச்சில் கொவிட் வந்தபோது கண்டிக்கு வடக்கே, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அக்குறணை நாட்டிலேயே முதலில் முடக்கப்பட்ட ஊர்களில் ஒன்று. அந்தச் சமயத்தில் முஸ்லிம்களின் ஒத்துழைப்பு அரசுக்கு மிக அவசியமாக இருந்தது. ஆனால் இறந்தோரை அடக்கம் செய்வதே அவர்களின் மத வழக்கமாக இருக்க, கொவிட்டால் இறந்தவர்களைக் கட்டாயமாக எரிக்கும் முடிவு, உலகச் சுகாதார நிறுவனம் அடக்கத்தை அனுமதித்திருந்தும், எடுக்கப்பட்டது. 2021 பெப்ரவரி வரை அது நீடித்தது. 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. ஒரு சமூகத்தின் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசாமல் எடுத்த முடிவு அம்மக்களின் நம்பிக்கையை எவ்வளவு ஆழமாகப் புண்படுத்தும் என்பதற்கு இதைவிட வேதனையான எடுத்துக்காட்டு அண்மைக் காலத்தில் இல்லை.

2022 மார்ச் 29 அன்று பேராதனை போதனா வைத்தியசாலை, பொருளாதார நெருக்கடி கொண்டுவந்த மருந்துத் தட்டுப்பாட்டால் வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது; அவசர சிகிச்சைகள் மட்டும் தொடர்ந்தன. அப்போது கொழும்பில் இருந்த இந்திய வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கர், செய்தியறிந்து உதவ வழி தேடுமாறு தன் தூதுவரைப் பகிரங்கமாகக் கேட்டார். வெளிநாடுகளில் வாழும் மருத்துவர்களும் மருந்து திரட்டி அனுப்பினார்கள். அவ்வாண்டு மே மாதம் சென்னையிலிருந்து அரிசி, பால்மா ஆகியவற்றோடு 24 தொன் மருந்துப் பொருட்களும் தமிழ்நாட்டின் உதவியாகக் கப்பலேறின.

முதியோரும் வீட்டுப் பராமரிப்பும்

2012இல் இலங்கையரில் 12.4 வீதத்தினர் 60 வயதைக் கடந்திருந்தார்கள். பிள்ளைகள் கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்ட மலையூர்களில் படுக்கையிலிருக்கும் தாயைப் பார்ப்பவர் இன்னொரு மூதாட்டியாகவே இருப்பார். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே கிராம உத்தியோகத்தர் பிரிவு மட்டத்தில் முதியோர் சங்கங்கள் உருவாயின. இவை பிரதேசம், மாவட்டம், மாகாணம் என்று மேலேறும் அமைப்பைக் கொண்டவை. தங்கள் தேவையைத் தாங்களே சொல்லும் வழி முதியோருக்குச் சட்டத்திலேயே வாய்த்திருக்கிறது. சவப்பெட்டியும் கூடாரமும் ஆட்களும் ஒரே நாளில் திரட்டும் மரண உதவிச் சங்கங்களின் வலு அவற்றோடு சேர்ந்தால், இறந்தபின் நான்கு பேர் வருவதற்கு முன், இருக்கும்போதே இரண்டு பேர் வருவார்கள். அயலவரே பராமரிப்பை ஏற்பதற்குக் கேரளம் ஓர் எடுத்துக்காட்டு: அங்கே 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம் மலப்புறத்து அயலவர் குழுக்களாகப் பரவி, 2008இல் மாநிலக் கொள்கையாகி, உள்ளூராட்சி மன்றங்களின் வேலையுமானது.

இலங்கையின் உள்ளூராட்சி மன்றங்களோ 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்து, 2025 மே 6 தேர்தல் வரை உறுப்பினர்களின்றிக் கிடந்தன. பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆவது பிரிவு திருத்தப்பட்டுத் தோட்டங்களுக்குக் கிடைத்த வாய்ப்பில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இப்படிப் போயிற்று. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின் மழையில் கண்டி மாவட்டத்து மலைகள் சரிந்து பல உயிர்கள் போயின, பாதைகள் அறுந்தன. 2016இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியோடு தொடங்கிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இன்று எல்லா மாகாணங்களிலும் ஓடுகிறது. பாதை முடியும் இடத்தில் அது நிற்கிறது; அங்கிருந்து மேலுள்ள லயங்களின் நோயாளியை இன்னும் கம்பளியில் கிடத்தி, நான்கு பேர் தோளில் சுமந்து இறங்குகிறார்கள்.