சும்மா கிடந்த கணினிகளும் கான்டர் திட்டமும்

கணினித் துறை விழா மலர்களைப் புரட்டினால், எந்த ஆண்டு எந்த எந்திரம் வாங்கினார்கள், யார் திறந்துவைத்தார் என்ற பட்டியல்தான் பெரும்பாலும் கண்ணில் படும். அமெரிக்காவில் மாடிசன் நகரத்து விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பிறந்த கான்டர் திட்டத்துக்கு அப்படியொரு பட்டியல் சரிப்படாது. அடுத்தவர் மேஜையில் சும்மா கிடந்த எந்திரங்களை இரவல் வாங்கியே அது தலையெடுத்தது.

1980-களில் ஆசிரியர்கள், ஆய்வாளர்கள் மேஜைகளுக்கு ஒர்க்ஸ்டேஷன்கள் வந்து சேர்ந்தன. உரியவர் எழுந்து போனால் எந்திரம் சும்மா கிடக்கும். பக்கத்து அறையிலோ ஒருவர் நாள்கணக்கில் ஓட வேண்டிய கணக்கை வைத்துக்கொண்டு தவித்துக்கொண்டிருப்பார். லிட்ஸ்கோவ், மிரான் லிவ்னி, முட்கா மூவரும் கான்டரைப் பற்றி 1988-ல் வெளியிட்ட கட்டுரை இந்த இடைவெளியைத்தான் பிடித்தது. 23 எந்திரங்களில் ஒரு மாதம் திரட்டிய தரவு அதில் இருக்கிறது. உரியவர் திரும்பி வந்து விசைப்பலகையைத் தொட்டால் போதும்: ஓடிக்கொண்டிருக்கும் வேலை அந்தக் கட்டத்தோடு சேமிக்கப்பட்டு, வேறொரு எந்திரத்தில் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

எந்திரங்கள் பெருகியபோது சிக்கலும் பெருகியது. ஒவ்வொரு உரிமையாளருக்கும் ஒரு நிபந்தனை. எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்தி, முதலில் வந்தவருக்கு முதலில் என்று கொடுத்தால் எவரும் எந்திரத்தைத் தர மாட்டார்கள். 1998-ல் ராஜேஷ் ராமன், லிவ்னி, மார்வின் சாலமன் மூவரும் முன்வைத்த தீர்வு ஞாயிற்றுக்கிழமை மணமக்கள் விளம்பரம் போன்றது. வேலை தன் தேவையைச் சொல்லும்: இன்ன செயலி, இவ்வளவு நினைவகம். எந்திரமும் தன் விளம்பரத்தில் யாருக்கு இடம், எப்போது இடம் என்று விதி எழுதி வைக்கும். இருபக்க நிபந்தனையும் ஒத்துப்போனால்தான் பொருத்தம்.

அந்தக் கட்டுரை காட்டும் மாதிரி விளம்பரம் ஒன்று சுவையானது. எந்திரத்தின் பெயர் லியனார்டோ. சொந்த ஆய்வுக் குழுவினருக்கு எந்நேரமும் கதவு திறந்திருக்கும். நண்பர்களென்றால், விசைப்பலகை கால் மணி நேரமாகத் தொடப்படாமலும் எந்திரத்தின் சுமை 0.3-க்குக் கீழும் இருக்க வேண்டும். மற்றவர்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வரலாம். நம்பத்தகாதவர் பட்டியலில் பெயர் இருந்தால் எப்போதும் இல்லை. ஒரு துறையின் உறவும் பகையும் இந்த நாலைந்து வரிகளுக்குள் அடங்கிவிடுகின்றன!

விளம்பரத்தில் சொல்லாமல் விட்ட விவரத்துக்கும் வழி வைத்தார்கள். உண்மை, பொய் என்ற இரண்டோடு ‘தெரியாது’ என்பதும் ஒரு விடை. நினைவக அளவைக் குறிப்பிடாத எந்திரத்திடம் அதைக் கேட்டால் அமைப்பு முறிந்துவிடாது. தெரியாது என்று விடை வரும், பொருத்தம் அமையாது, அவ்வளவுதான். பொருத்தம் பார்த்த நிரல் இரு தரப்புக்கும் சேதி சொல்லிவிட்டு விலகிக்கொள்ளும். அவை நேரில் பேசி, நிபந்தனைகளை மறுபடி சரிபார்த்துக்கொள்ளும். விளம்பரம் கொடுத்த பிறகு நிலைமை மாறியிருக்கலாம் அல்லவா? இந்த அடக்கமே கான்டரின் பெரிய பலம் என்பேன்.

அதன் பலனை 2000-ஆம் ஆண்டு காட்டியது. 30 கூடங்களை 30 இடங்களில் குறைந்த செலவில் அமைப்பது எப்படி என்ற நக்-30 கணக்கு 1968 முதல் தீராமல் கிடந்தது. ஆன்ஸ்ட்ரைக்கர், பிரிக்ஸியஸ், கூ, லிண்டரோத் நால்வரும் பல நிறுவனங்களில் சிதறிக் கிடந்த எந்திரங்களைக் கான்டர் வழியாகச் சேர்த்து, ஒரு வாரத்தில் தீர்த்தார்கள். சராசரியாக 650 எந்திரங்கள் உழைத்தன. உச்சத்தில் ஆயிரத்தைத் தாண்டின. ஒரே எந்திரமென்றால் ஆண்டுக்கணக்காகியிருக்கும்.

2012-ல் வர்த்தகக் குறி வழக்கொன்றைத் தீர்த்துக்கொள்ளப் பெயர் எச்டிகான்டர் ஆயிற்று. ஈர்ப்பலைகளைத் தேடும் லைகோ, தென்துருவத்து ஐஸ்கியூப், ஜெனீவாவின் செர்ன் எல்லாம் இன்று அதைப் பயன்படுத்துகின்றன. விளம்பரத்தில் இன்னின்ன சொற்கள்தான் வரலாம் என்று 1998-ல் எவரும் வரையறுக்கவில்லை. அதனால் ஜிபியூ அட்டைகள் வந்தபோது அடிப்படையை மாற்ற வேண்டியிருக்கவில்லை: எந்திரங்கள் தங்கள் விளம்பரத்தில் அதையும் சேர்த்துச் சொன்னன, வேலைகள் அதைக் கேட்கத் தொடங்கின.