அயல்நாட்டார் எதைத் தேடி வந்தனர்?



பரளச்சியை அடுத்த திருச்சுழிக்கு வெளிநாட்டு யாத்ரீகர்கள் வருவதுண்டு. 1879ஆம் ஆண்டு ரமண மகரிஷி பிறந்த வீட்டைக் காண வருகின்றனர். பால் பிரண்டன் என்னும் ஆங்கிலேய எழுத்தாளர் 1931இல் திருவண்ணாமலையில் அவரைச் சந்தித்து, 1934இல் நூல் வெளியிட்ட பின்னரே மேலை நாட்டாரிடம் இந்நாட்டம் பெருகிற்று. கடற்கரையோ கோட்டையோ இல்லாத இம்மானாவாரிச் சீமை அதற்குமுன் அயலாரை ஈர்த்ததில்லை எனலாம்.

பாண்டிய நாட்டின் கதை வேறு. இங்கே நல்ல குதிரை பிறக்கவில்லை. பாண்டியருக்கோ குதிரைப்படை வேண்டும். ஆகவே அரபு, பாரசீக வணிகர்கள் காயல் துறைமுகத்திற்கு வந்தனர். கைஸ் தீவின் அதிபர் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்ப உடன்பாடு இருந்ததாகவும், ஒன்றின் விலை 220 தீனார் என்றும் வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியுள்ளார். ஜமாலுத்தீனின் சகோதரர் தகிய்யுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனின் அமைச்சராகவே விளங்கினார்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ இன்னொன்றும் சொல்கிறார். குதிரைகளைப் பேணத் தெரியாமல் சோறும் இறைச்சியும் ஊட்டியதால் ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை மாண்டன. லாடம் அடிக்கத் தெரிந்தோர் இங்கு வராதபடி வணிகர்களே தடுத்தனர். செத்தால்தானே மீண்டும் விற்கலாம்! அவ்வணிகர்கள் நம்மவர் என்பதற்காக இதை மறைப்பது வரலாறு ஆகாது.

இப்னு பதூதாவின் நோக்கம் வணிகமன்று, பதவி. வெளிநாட்டாருக்கு வாரி வழங்கிய முஹம்மத் பின் துக்ளக்கை நாடி ஹிஜ்ரி 734 முஹர்ரமில் (கி.பி. 1333) சிந்து நதிக்கரை வந்தடைந்தார், தில்லியில் காழியானார். பின்னர் இலங்கையிலிருந்து புறப்பட்ட அவரது கப்பல் மஅபர் கரையருகே தரைதட்டியது. மதுரை சுல்தான் கியாஸுத்தீன் அவருக்குச் சகலை முறை. இருவரும் ஒரே தந்தையின் புதல்வியரை மணந்தவர்கள். ஆயினும் மதுரையில் அவர் கண்டது கொள்ளைநோய். ஜனங்கள் ஓரிரு நாளில் மடிந்தனர். அவரும் காய்ச்சலில் விழுந்து, தேறியதும் ஊரைவிட்டு அகன்றார்.

இன்றோ நோய் தீர்க்கவே வருகின்றனர். இந்திய அரசு 2005இல் மருத்துவ விசாவைத் தனியே ஏற்படுத்தியது. 2019இல் இந்தியா வந்த ஏறத்தாழ 1 கோடியே 9 லட்சம் வெளிநாட்டாரில் சுமார் 7 லட்சம் பேர் சிகிச்சைக்காக வந்தோர். அவர்களில் பாதிக்கும் மேலானோர் வங்கதேசத்தினர். சென்னையும் வேலூரும் அவர்கள் நன்கறிந்த ஊர்கள். 2024 ஆகஸ்டில் அங்கு ஆட்சி மாறியபின் விசா சுருங்கியபோது, பாதிக்கப்பட்டோர் சுற்றுலாப் பயணிகள் மட்டுமல்லர். அடுத்த பரிசோதனைக்கு நாள் குறித்துக் காத்திருந்த நோயாளிகளும்தாம்.

கல்வி தேடி வருவோரும் உளர். 1976இல் 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு இன்று பல நாட்டு மருத்துவர்கள் அறுவை சிகிச்சை பயில வருகின்றனர். இப்னு பதூதா நோய்க்கு அஞ்சி நீங்கிய மதுரை அதுவே.