யான் சிக்கோல்டின் மறுப்பு: நவீன அச்சு வடிவமைப்பின் உள்ளிருந்து எழுந்த ஐயம்

வரைகலை வடிவமைப்பின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதனை இரு காலப்பகுதிகளாகப் பிரிப்பர்: 1920களில் வேரூன்றிய நவீனத்துவம், 1960களின் இறுதியிலிருந்து அதனை ஐயுற்ற பின்நவீனத்துவம். கற்பித்தலுக்கு இப்பகுப்பு வசதியானதே. ஆயினும், நவீனத்துவ அச்சுக்கலையின் முதன்மை நூலை எழுதியவரே 1946இல் அதனைக் கடுமையாக மறுத்தார் என்னும் செய்தி இதனுள் அடங்குவதில்லை. அம்மறுப்பைத் தனியொருவரின் பின்வாங்கலாக அன்றிப் பின்நவீனத்துவ ஐயத்தின் முன்னோடி வடிவமாகக் காண இடமுண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

யான் சிக்கோல்டு (1902–1974) லைப்சிக் நகரில் பெயர்ப்பலகை எழுதும் கலைஞர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். 1923இல் வைமாரில் நடைபெற்ற பௌஹவுஸ் கண்காட்சி அவரது நோக்கை மாற்றியது. 1928இல் பெர்லினில் வெளிவந்த 'புதிய அச்சுக்கலை' என்னும் நூலில், நடுக்கோட்டை அச்சாகக் கொண்ட சமச்சீர்ப் பக்க அமைப்பைக் காலங்கடந்ததென ஒதுக்கினார். சமச்சீரற்ற அமைப்பு, முனைக்கோடுகள் இல்லாத சான்ஸ் செரிஃப் எழுத்துரு, தரப்படுத்தப்பட்ட தாள் அளவு ஆகியவற்றை வலியுறுத்தினார். அப்போது அவர், ஃபியூச்சுரா எழுத்துருவை வடிவமைத்த பால் ரென்னரின் தலைமையில் இயங்கிய மியூனிக் அச்சுப்பள்ளியில் ஆசிரியர். 1933 மார்ச்சில் நாஜிகள் அவரைக் கைதுசெய்தனர்; சில வாரங்களுக்குப்பின் விடுதலை பெற்றுச் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் குடியேறினார்.

அங்கே அவரது பணி மெல்ல மரபு சார்ந்த நூலமைப்பின் பக்கம் திரும்பியது. 1946இல் சுவிட்சர்லாந்து அச்சுத்தொழில் இதழொன்றில் பௌஹவுஸின் முன்னாள் மாணவரான மாக்ஸ் பில் இத்திருப்பத்தைப் பிற்போக்கெனச் சாடினார். அதே இதழில் சிக்கோல்டு எழுதிய மறுமொழியே நமது கவனத்துக்குரியது. அதன் வாதங்கள் இரண்டு. முதலாவது, புதிய அச்சுக்கலையின் விட்டுக்கொடுக்காத தன்மையும் அனைத்தையும் ஒழுங்குக்குள் அடக்கும் விழைவும், ஜெர்மனியைப் பேரழிவுக்கு இட்டுச்சென்ற மனப்பாங்கோடு உறவுடையவை என்பது. இரண்டாவது வாதம் அதிகம் பேசப்படுவதில்லை: இயந்திர உற்பத்தியைப் போற்றும் வடிவமைப்பாளர், அவ்வுற்பத்தி தொழிலாளியின் பணியனுபவத்தை எவ்வளவு வறுமைப்படுத்தியது என்பதைக் காண்பதில்லை.

முதல் வாதத்தை அப்படியே ஏற்பதற்கில்லை. அவர் குற்றஞ்சாட்டிய அதே அச்சுக்கலையின் பொருட்டே நாஜிகள் அவரைப் பகைத்தனர். அவர்களே தேசியச் சின்னமாகக் கொண்டாடிவந்த ஃபிராக்டுர் எழுத்தை 1941 ஜனவரியில் 'யூத எழுத்து' எனத் தூற்றி விலக்கவும் செய்தனர். எழுத்து வடிவத்துக்கு நிலைத்த அரசியல் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் சிக்கோல்டின் குறி வடிவத்தைக் காட்டிலும், ஒரு வடிவமே எல்லாக் காலத்துக்கும் எல்லாப் பணிக்கும் பொருந்தும் என்னும் உரிமைக்கோரல்தான். தொழிற்சாலைப் பொருளின் விளம்பரத்துக்கு ஏற்றது கவிதை நூலுக்கும் ஏற்றதாகவேண்டும் என்பதில்லை. பொதுமை கோரும் கோட்பாடுகளை ஐயுறும் இப்பார்வையைப் பின்னாளில் பின்நவீனத்துவம் தனதாக்கிக்கொண்டது. (ஒழுங்குபடுத்தும் விழைவைச் சாடிய அவரே 1947–49இல் பெங்குயின் நிறுவனத்தில் அச்சுக்கோப்போருக்கு நான்கு பக்க விதிகளை வகுத்து, பேரெழுத்துகளின் இடைவெளி வரை கண்டிப்புக் காட்டினார் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.)

பேசலை மையமாகக் கொண்டே இரண்டாம் எதிர்ப்பும் எழுந்தது. 1957இல் ஹெல்வெட்டிகாவின் முதல் வடிவத்தை வெளியிட்ட ஹாஸ் வார்ப்பகம் இந்நகரை அடுத்தே இருந்தது. எமில் ரூடரும் ஆர்மின் ஹோஃப்மனும் கற்பித்த இந்நகரின் கலைப்பள்ளியில் 1968 முதல் வோல்ஃப்காங் வைன்கார்ட் ஆசிரியரானார். அவர் கோட்பாட்டாளர் அல்லர். ஈய எழுத்துகளைக் கோத்துப் பழகிய தொழிலாளி. எழுத்திடைவெளியை அளவுமீறி விரித்தும், சொல்லின் நடுவே எழுத்தின் தடிப்பை மாற்றியும், பத்தியைப் படிக்கட்டாக அடுக்கியும் சுவிஸ் பாணியின் கருவிகளைக்கொண்டே அதன் விதிகளைச் சோதித்தார். சிக்கோல்டு கவலையுற்ற அந்தக் கைப்பணி அனுபவம் இங்கே மாணவர்களின் விரல்களுக்குத் திரும்பியது. அவர்களுள் ஒருவரான ஏப்ரல் கிரைமன் அதனைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுசென்றார். அங்கு அது 'புதிய அலை' எனப் பெயர்பெற்றது. பாடநூல்கள் பல பின்நவீனத்துவ இயலை வைன்கார்டிடமிருந்தே தொடங்குகின்றன. 1946ஆம் ஆண்டின் மறுமொழி அவ்வியலுக்கு வெளியே நிற்கிறது.