கட்டியைப் பட்டினி போடும் ஊசி

போன மாதம் பாறசாலையிலிருந்து மாமி போன் செய்தார். "மக்களே, மாமாவுக்கு வயித்துல கேன்சராம். ஈரலுக்கும் பரவிட்டாம். ரத்தக் கொழாயை அடைச்சு கட்டியைப் பட்டினி போடுற ஊசி ஒண்ணு உண்டாமே? ரோட்டோரத்து பத்து சென்ட் விளையை வித்துரலாமா?"

விளையை விற்பது வங்கிக்காரனிடம் கேட்கிற கேள்விதான். ஆனால் பதில் சொல்ல ஊசியின் சரித்திரம் தெரிய வேண்டுமே! நான் படித்தது பி.காம். மூன்று ராத்திரி உட்கார்ந்து வாசித்ததை எழுதுகிறேன், தப்பிருந்தால் டாக்டர்மார் திருத்துங்கள்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் ஜூடா ஃபோக்மன் என்ற இளம் சர்ஜன், உடலுக்கு வெளியே உயிரோடு வைத்திருந்த தைராய்டு சுரப்பியில் புற்றுக்கட்டியை வளர்த்துப் பார்த்தார். ஓரிரு மில்லிமீட்டரில் அது நின்றுவிட்டது. அதையே எலிக்குள் வைத்ததும் வளர்ந்தது. புது ரத்தக் குழாய் கிடைக்காத கட்டி கடுகளவுக்கு மேல் போகாது என்று 1971-ல் எழுதினார். கடன் லைன் கிடைக்காத கம்பெனி மாதிரி. பலர் நம்பவில்லை. குழாயைக் கூப்பிடும் VEGF, அதாவது 'வெஜ்எஃப்' என்ற புரதத்தை 1989-ல் நெப்போலியோன் ஃபெராரா குழுவினர் பிரித்தெடுத்த பிறகுதான் பேச்சு மாறியது.

அடுத்தது என் துறைக்காரர்கள் ரசிக்கும் இடம். 1998 மே 3, ஞாயிறு. ஃபோக்மனின் எலிகளில் கட்டி சுருங்கியதை நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் போட்டது. வெள்ளிக்கிழமை 12 டாலரில் இருந்த என்ட்ரிமெட் பங்கு திங்கள் காலை 85-ல் திறந்து 52 அளவில் முடிந்தது. இத்தனைக்கும் இதே சேதி ஐந்து மாதம் முன்பே 'நேச்சர்' இதழில் வந்தாச்சு! எலியில் கண்ட அற்புதம் மனிதரில் வாய்க்கவில்லை. ஆசைக்கு விலை வைத்தால் இப்படித்தான்.

2004-ல் பெவசிசுமாப் வந்தது, பெருங்குடல் புற்றுக்கு. இரைப்பைப் புற்றில் 774 பேரிடம் சோதித்தார்கள். கீமோ மட்டும் எடுத்தவர்கள் 10.1 மாதம், ஊசியும் சேர்த்தவர்கள் 12.1 மாதம். (பாதிப்பேர் தாண்டிய காலம் இது, எல்லோருக்கும் அல்ல.) வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்று 2011-ல் முடிவு வந்தது.

2014-ல் ராமுசிருமாப். மனு கொண்டு போகிற ஆளைப் பிடிப்பது பெவசிசுமாப் என்றால், மனு வாங்கும் கவுண்ட்டரையே மூடுவது இது. முதல் சிகிச்சை பலிக்காத இரைப்பைப் புற்றில் 3.8 மாதம் 5.2 ஆனது. பாக்லிடாக்சலோடு சேர்த்தால் 7.4 என்பது 9.6. இது உறுதியான பலன்தான். ஆனால் நோய் குணமாவதில்லை. ரத்த அழுத்தம் கூடலாம், ரத்தக்கசிவு வரலாம். ஒரு குழாயை அடைத்தால் கட்டி வேறு வழி தேடிக்கொள்கிறது.

கான்பூர் ஐ.ஐ.டி.யில் கெமிக்கல் எஞ்சினியரிங் படித்த ராகேஷ் ஜெயின் 2001-ல் வேறு மாதிரி சொன்னார். கட்டியின் குழாய்கள் கோணலும் ஒழுகலுமானவை, அளவோடு கொடுத்தால் இந்த மருந்து அவற்றைச் சீராக்கி கீமோவை உள்ளே போக விடும் என்றார். எனக்குப் பட்டினி கதையைவிட இது பிடித்திருக்கிறது.

1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போயிற்று, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆனால் கேன்சர் என்றால் இரண்டு பக்கத்துக்காரர்களும் ஏறுவது திருவனந்தபுரம் பஸ்ஸில்தான். 1981-ல் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் தொடங்கிய ஆர்.சி.சி.க்கு. மாமாவும் அங்கேதான் போகிறார்.

மாமியிடம் இரண்டு கேள்வி எழுதிக் கொடுத்தேன். அந்த ஊசி முதல் சிகிச்சையிலா, அது பலிக்காத பிறகா? எத்தனை மாதம் கூடும்? மாமா போனை வாங்கினார்.

"விக்காண்டாம் மக்களே. அதுல நிக்கிற வருக்கைச் சக்கை இந்தத் தடவை நல்லா காய்ச்சிருக்கு. நீ எப்ப வாற?"

முதல் கீமோ முடிந்துவிட்டது. மே மாதத்துக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன்.