புகையிலையிலிருந்து வெங்காயத்துக்கு: யாழ்ப்பாணத் தோட்டங்களில் பயிரும் மண்ணும் விலையும்

யாழ்ப்பாணத் தோட்டச் செய்கை பற்றி இன்று இரண்டு கூற்றுகள் அடிக்கடி காதில் விழுகின்றன. அந்தக் காலத்துக் கமக்காரர் எருவும் குழையும் போட்டு மண்ணைக் காத்தார்கள் என்பது ஒன்று. காசுப்பயிர் ஆசைதான் மண்ணையும் கிணற்றையும் கெடுத்தது என்பது மற்றது. வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் இவை ஒன்றையொன்று மறுக்கின்றன. எருவும் குழையும் அத்தனை பெருமளவில் தோட்டத்துக்குள் வந்ததே ஒரு காசுப்பயிருக்காக என்பது இக்கட்டுரையின் வாதம். அந்தப் பயிர் புகையிலை.

முதலில் நிலத்தின் இயல்பைச் சொல்ல வேண்டும். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணக்கல் வெடிப்புகளினூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதற்குக் கண்கண்ட சான்று. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது இத்தகைய நிலங்களுக்கான பொதுக் கணக்கு. அதே கணக்கின்படி, மேலே ஓர் அடி இறங்கினால் கீழிருந்து உவர் 40 அடி ஏறக்கூடும். வலிகாமத்தின் செம்மண் நல்ல மண்தான். ஆனால் நீரையும் நீரில் கரைந்ததையும் அது நெடுநேரம் பிடித்து வைப்பதில்லை.

புகையிலை போர்த்துக்கேயர் காலத்தில் இங்கு வந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது. 1658இல் தொடங்கிய ஒல்லாந்தர் ஆட்சியில் அது குடாநாட்டின் முதன்மையான ஏற்றுமதிகளுள் ஒன்றாகி, தோணிகளில் திருவிதாங்கூருக்குப் போனது. அங்கே அரசே புகையிலை வணிகத்தைத் தன் ஏகபோகமாக வைத்துக்கொண்டது. 1817இல் வெளிவந்த அந்தோனி பெர்த்தொலாச்சியின் இலங்கைப் பொருளாதார நூலில் இந்த ஏகபோகமும் யாழ்ப்பாணப் புகையிலைக்கு அதனால் நேர்ந்த பாதிப்பும் பேசப்படுகின்றன. வலிகாமத்தில் கன்று நட்டவரின் விலை திருவனந்தபுரத்தில் முடிவானது. பயிரை இங்கே தேர்ந்து, விலையை வேறெங்கோ கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை அப்போதே தொடங்கிவிட்டது.

புகையிலை மண்ணிலிருந்து நிறைய எடுக்கும். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கக் கமக்காரர் செய்த ஏற்பாடுகள் வியக்கத்தக்கவை. தறையில் இரவு ஆட்டுப்பட்டியோ மாட்டுப்பட்டியோ அடைத்து, நாளுக்கு நாள் பட்டியை நகர்த்தினார்கள். சாணமும் சலமும் நிலமெங்கும் பரவின. வேலியில் நின்ற பூவரசையும் கிளுவையையும் வெட்டிக் குழை தாட்டார்கள். போதாதபோது வன்னிக் கரையிலிருந்து வள்ளத்தில் குழை வந்தது. வேலியிலும் கூரையிலும் உக்கிப்போன பனையோலையும் மண்ணுக்குள் போனது. ஓலை மெல்ல மக்கும். அதுவரை செம்மண்ணில் ஈரம் நிற்கும். பட்டிக்காரருக்கும் வள்ளக்காரருக்கும் குழை தாட்ட ஆட்களுக்கும் கூலி கொடுக்க வேண்டும். குரக்கனோ சாமையோ அந்தச் செலவைத் தாங்கியிருக்காது. புகையிலைக் காசு தாங்கியது.

நீருக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. சீதனமாகவும் முதுசமாகவும் காணி துண்டு துண்டாகப் பிரிய, 16 பரப்புக் கொண்ட ஒரு ஏக்கர் பல கைகளுக்குப் போனது. கிணறு மட்டும் பொதுவாய் நின்றது. அதனால் காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டன. இறைப்பு முறை வைத்து நடந்தது. ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடக்க, ஒருவர் பட்டையைப் பிடித்து ஊற்ற, இன்னொருவர் பாத்தியில் நீர் திருப்புவார். எவ்வளவு நீர் எடுக்கலாம் என்பதற்கு மனித உடலின் களைப்பே வரம்பாக இருந்தது.

1950களில் மண்ணெண்ணெய் இயந்திரங்கள் பரவியதும் அந்த வரம்பு போய்விட்டது. இந்தியா விடுதலை பெற்றபின் மலையாளச் சந்தையும் சுருங்கியது. தென்னிலங்கைக்குப் போன சுருட்டே புகையிலைக்கு மிஞ்சிய பெரிய ஆதாரம். தோட்டத்தில் புகையிலையின் இடத்தை வெங்காயமும் மிளகாயும் உருளைக்கிழங்கும் பிடித்தன. 1960களின் பிற்பகுதியில் உருளைக்கிழங்கு இறக்குமதிக்கும், 1970 முதல் 1977 வரையான சிறிமாவோ பண்டாரநாயக்க ஆட்சியில் செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறுக்கமான கட்டுப்பாடு இருந்ததால் யாழ்ப்பாணத் தோட்டம் செழித்தது. படித்த இளைஞர்கள் கிளிநொச்சிப் பக்கம் காணி எடுத்து மிளகாய் நட்ட காலமும் அதுவே. ஆனால் இந்தப் பயிர்கள் குறுகிய காலத்தவை. ஆண்டில் இரண்டு மூன்று போகம் எடுக்க முடிந்தபோது, பட்டி அடைக்கவோ குழை மக்கக் காத்திருக்கவோ நிலம் ஓய்ந்து கிடக்கவில்லை. மூட்டையில் வந்த யூரியா அந்த இடைவெளியை நிரப்பியது. இதைப் பேராசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சில பரப்புக் காணியில் ஒரு குடும்பம் பிழைக்க வேறு வழி இருக்கவில்லை.

1977இல் ஜே. ஆர். ஜயவர்த்தன அரசு சந்தையைத் திறந்துவிட்டது. மலிவான இறக்குமதி மிளகாயும் வெங்காயமும் வந்திறங்க, விலை விழுந்தது. தமிழ் இளைஞரிடையே வளர்ந்த கசப்பில் இந்தப் பொருளாதார அடிக்கும் பங்கு உண்டு. பிறகு போர். 1990இலிருந்து வலிகாமம் வடக்கின் செம்மண் தோட்டங்கள் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டன. பொருளாதாரத் தடையில் யூரியாவும் மண்ணெண்ணெயும் கிடைப்பது அரிதானது. 2009க்குப் பின் ஏ-9 வீதி முழுமையாகத் திறந்தபோது யாழ்ப்பாண விளைபொருள் தெற்கே போனது. அதே வீதியால் தம்புள்ளை மரக்கறியும் வடக்கே வந்தது.

மண்ணில் விழுந்த கணக்கு கிணற்றில் தெரிகிறது. வலிகாமக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் சொல்லிவருகின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையைப் பல தோட்டக் கிணறுகள் தாண்டியிருக்கின்றன. மலசலக்கூடக் குழிகளுக்கும் இதில் பங்குண்டு. ஆயினும் பயிர் எடுத்தது போக மிஞ்சிய யூரியா நைத்திரேற்றாகி, இறைப்பு நீரோடு சுண்ணக்கல்லுக்குள் இறங்குவதே தோட்டப் பகுதிகளில் முதன்மையான காரணம். கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசன் சுமக்கும் திறனை நைத்திரேற்று குறைக்கும். அந்தக் கிணற்று நீரைக் குடிப்பவர்கள் பெரும்பாலும் தோட்டக்காரரின் பிள்ளைகளே.

2021இல் கோட்டாபய ராஜபக்ச அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து, அதே ஆண்டு நவம்பரில் விலக்கிக்கொண்டது. சேதனப் பசளை வேண்டும் என்பதில் தவறில்லை. பட்டியும் குழையும் வேலி மரங்களும் அருகிப்போன நிலத்தில் ஒரே பருவத்தில் அதைக் கேட்டதுதான் தவறு. வேலிகள் மதிலாகிவிட்டன, கால்நடை குறைந்துவிட்டது. பழைய முறை மீள வேண்டுமானால் அதன் கூலியைத் தாங்கும் விலையும் மீள வேண்டும். 2022இன் பொருளாதார நெருக்கடியில், ஆவணி மாதம், மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. மின்சார மோட்டர் இல்லாத தோட்டங்களில் இறைப்பு முறைகள் குறைந்தன.

இன்று வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் இருக்கும் காப்பு 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் விசேட வியாபாரப் பண்ட அறவீடு. நடும்போது ஒரு வீதம், கிண்டும்போது வேறொரு வீதம் என்று அது மாறினால், விதைவெங்காயத்துக்குக் கடன்பட்டவர் எதை நம்பி நடுவது? உள்ளூர்ச் சந்தைகளில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ ‘கழிவு’ என்று பிடிக்கும் வழக்கத்தைக் கமக்காரர் பல காலமாக எதிர்த்துவருகிறார்கள். அந்தப் பத்துக் கிலோவின் விலை கையில் நின்றால் ஒரு பாரம் மாட்டெரு வாங்கும் செலவுக்காவது கொஞ்சம் உதவும்.

அறவீட்டை நடுகைக்கு முன்பே அறிவித்து, அறுவடை முடியும்வரை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். சந்தைக் கழிவை நிறுத்த வேண்டும். கமநல சேவை நிலையங்கள் தத்தம் பிரிவின் கிணறுகளை ஆண்டுதோறும் பரிசோதித்து, நைத்திரேற்று அளவையும் உவர் அளவையும் தமிழில் எழுதி வாசலில் ஒட்ட வேண்டும்.