வாக்கெடுப்புக்கு வராத கணக்கு

கோவை நகரத்துப் பஞ்சாலைகளுக்கும் கொங்கு நாட்டுக் கிணறுகளுக்கும் பைக்காரா மின்சாரம் செய்த உதவியை மாணவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1932-ஆம் ஆண்டில் நீலகிரி மலையிலிருந்து இறங்கிய அந்த மின்சாரம், எருதுகள் இழுத்த கவலை ஏற்றத்தின் இடத்தில் நாளடைவில் மோட்டார்ப் பம்புகளைக் கொண்டுவந்து வைத்தது. அதனை நான் விரித்துரைக்கப் போவதில்லை. மின்சாரத்துக்குச் செலவாகும் பொதுப் பணத்துக்குக் கணக்குக் கேட்பவர் யார் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

நாடு விடுதலை பெற்றபோது மின்சாரம் சென்னை சர்க்காரின் ஓர் இலாகாவாகவே இருந்தது. இலாகா என்றால் அதன் செலவு ஆண்டுதோறும் மானியக் கோரிக்கையாகச் சட்டசபையின்முன் வரும். உறுப்பினர்கள் வாக்களித்த பிறகே பணம் கைக்கு வரும். 1957 ஜூலை முதல் நாளன்று அந்த இலாகா சென்னை மாநில மின்சார வாரியமாக மாறியது. அப்போது மாநிலத்தின் நிதியமைச்சராக இருந்தவர் பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம் அவர்கள். மாற்றத்திற்கு நியாயமான காரணம் உண்டு. மின்சாரம் விற்பது ஒரு தொழில். ஒவ்வொரு மின்மாற்றிக்கும் கோட்டைக்குக் கோப்பு அனுப்பிக் காத்திருந்தால் தொழில் நடவாது.

ஆனால் வாரியம் எந்தச் சட்டத்தின்கீழ் அமைந்ததோ, அந்த 1948-ஆம் ஆண்டு மின்சார வழங்கல் சட்டத்தில் ஒரு பிரிவைக் கவனியுங்கள். வாரியத்தின் ஆண்டு நிதி அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும்; உறுப்பினர்கள் அதுபற்றி விவாதிக்கலாம்; வாக்கெடுப்பு மட்டும் கிடையாது. அவர்கள் கூறும் கருத்துக்களை வாரியம் மனத்தில் கொள்ள வேண்டுமாம், அவ்வளவே. பேசலாம், மறுக்க முடியாது என்னும் இந்த நிலை ஒரு வாரியத்துக்கு மட்டும் உரியதன்று. விடுதலைக்குப் பின் பொதுப் பணத்தில் எழுந்த கார்ப்பரேஷன்களும் கம்பெனிகளும் பலவும் ஏறக்குறைய இந்த நிலையிலேயே இருந்தன. இலாகாவுக்குள் இருந்த பணம் வெளியே போய்விட்டால், மக்கள் பிரதிநிதிகளின் கண் அதனைப் பின்தொடர்வது எவ்வாறு?

இதற்கு விடை தேடும் நெருக்கடி, அதே 1957-ஆம் ஆண்டில், தில்லியில் பிறந்தது.

ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழிலைச் சர்க்கார் ஏற்று, 1956 செப்டம்பர் முதல் நாளன்று ஆயுள் காப்பீட்டுக் கழகத்தை நிறுவியிருந்தது. எளிய குடும்பங்கள் மாதந்தோறும் மிச்சம் பிடித்துக் கட்டிய பிரிமியப் பணம் அதன் கையில் இருந்தது. 1957 ஜூனில் அக்கழகம் ஹரிதாஸ் முந்த்ரா என்னும் வணிகரின் ஆறு கம்பெனிகளில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்குகளை வாங்கியது. அவருடைய வியாபாரம் தள்ளாடிக்கொண்டிருந்த சமயம் அது. முதலீடுகளை ஆராய்வதற்கென்றே கழகத்தில் ஒரு குழு இருந்தும் அதனை முன்கூட்டிக் கலந்துகொள்ளவில்லை.

அவ்வாண்டு டிசம்பர் 16-ஆம் நாள் பாராளுமன்றத்தில் எழுந்து இதனைத் துருவித் துருவி எடுத்துரைத்தவர் பெரோஸ் காந்தி. அவர் ஆளும் கட்சியின் உறுப்பினர். பிரதமர் நேருவின் மருமகனுங்கூட. மாணவர்கள் இதனை நினைவில் வைப்பது நல்லது. பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளா தனிமனித விசாரணைக் கமிஷனாக நியமிக்கப்பட்டார். பொதுமக்கள் திரண்டு வந்து கேட்கும்படி விசாரணை வெளிப்படையாக நடந்தது. சில வாரங்களிலேயே அறிக்கையும் வந்துவிட்டது. இக்காலத்துக் கமிஷன்களோடு ஒப்பிட்டால் இது வியப்பாகத்தான் இருக்கிறது.

நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி, தம் இலாகாச் செயலாளர் செய்த காரியத்துக்குத் தாம் பொறுப்பல்லர் என்று வாதிட்டார். செயலாளரின் செயலுக்கு அமைச்சரே பொறுப்பு என்று சாக்ளா முடிவு கூறினார். 1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அவ்வாண்டின் வரவுசெலவுத் திட்டத்தை நேருவே சமர்ப்பிக்க நேர்ந்தது.

சாக்ளாவின் அறிக்கையில் அமைச்சரின் பொறுப்பைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. கழகத்துக்குச் சர்க்கார் ஆணையிட விரும்பினால் எழுத்து மூலமாக ஆணையிட வேண்டும் என்றார் அவர். முந்த்ரா விவகாரத்தில் எழுத்தாணை எதுவும் இல்லை. தன்னாட்சி என்னும் சுவர் பாராளுமன்றத்தைத்தான் வெளியே நிறுத்தியது. அதிகாரத்தில் இருப்போரின் வாய்மொழி அதைத் தாண்டி உள்ளே புகுந்துவிட்டது.

பொது நிறுவனங்களைக் கவனிக்கத் தனிக் குழு வேண்டும் என்று லங்கா சுந்தரம் என்னும் உறுப்பினர் 1953-லேயே கேட்டிருந்தார். கிருஷ்ண மேனன் தலைமையில் ஆளும் கட்சி அமைத்த குழுவும் 1959-இல் அதையே சொல்லிற்று. அதன்பின்னும் காலம் கடந்து, 1964 மே முதல் நாளன்றுதான் பொதுத்துறை நிறுவனங்கள் குழு அமைந்தது. அந்நாளில் நிதியமைச்சர் யார் தெரியுமா? மீண்டும் பதவிக்கு வந்திருந்த அதே கிருஷ்ணமாச்சாரிதான்! பெரும் உருக்காலைகள் அடங்கிய இலாகா, பொள்ளாச்சித் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற நம் சுப்பிரமணியத்திடம் இருந்தது.

தொடக்கத்தில் பதினைந்து பேராக இருந்த அக்குழுவில் 1974 முதல் மக்களவையினர் 15 பேரும் மாநிலங்களவையினர் 7 பேரும் இடம்பெறுகின்றனர். அமைச்சர் எவரும் உறுப்பினராகலாகாது. நிறுவனங்களின் கணக்குகளையும் அவற்றின்மேல் தலைமைத் தணிக்கையாளர் தரும் அறிக்கைகளையும் ஆராய்வது அதன் பணி. அன்றாட நிர்வாகத்தில் தலையிடுவது அதன் வரம்புக்குப் புறம்பு. இந்த வரம்பு தேவையானதே. நான் தலைமையாசிரியனாக இருந்தபோது தணிக்கையாளர் வந்தால் ஒரு பெட்டிச் சாக்குக்கட்டிக்கும் பதிவேடு காட்ட வேண்டும். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் நாளைக்கு எந்த வகுப்பில் என்ன பாடம் என்று அவரைக் கேட்டு நடத்தினால் பள்ளிக்கூடம் என்னாகும்? கேள்விக்கு அஞ்சி அதிகாரி பேனாவையே தொடாதிருப்பதும் பொதுமக்களுக்கு நஷ்டந்தான்.

குழுவின் சொல் பரிந்துரையேயன்றி ஆணையன்று. அதன் ஆயுளும் ஓராண்டுதான். பல வேளைகளில் பணம் போன பிறகே அறிக்கை வருகிறது. ஆயினும் ஒரு நிறுவனத்தின் தலைவரை நேரில் அழைத்து, இந்த ஒப்பந்தத்தை ஏன் இவருக்குக் கொடுத்தீர் என்று கேட்டு, அவருடைய விடையை அச்சிட்டு வெளியிடும் இடம் வேறெங்கும் எளிதில் இல்லை.

நம் மின்சார வாரியத்தை ஆண்ட 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் நீக்கியது. 2010-இல் வாரியம் கம்பெனிகளாகப் பிரிந்தது. 2024-இல் அவற்றுள் ஒன்று மறுபடியும் பிரிந்தது. அவற்றின்மேல் தலைமைத் தணிக்கையாளர் எழுதும் அறிக்கை, தமிழ்நாடு சட்டமன்றத்தின் பொது நிறுவனங்கள் குழுவுக்குச் செல்கிறது. அக்குழுவின் உறுப்பினர்கள் மாவட்டங்களுக்கு நேரில் வந்து பார்வையிடுவதும் உண்டு. அவர்கள் வந்து சென்ற செய்தி மறுநாள் பத்திரிகையின் உட்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும்.