அளவைக்குள் வராத மேய்ச்சல்: கிழக்கிலங்கையின் சூரியமின் பண்ணைகளும் பருவ நிலப்பயன்பாடும்

2030ஆம் ஆண்டளவில் மின்சாரத்தின் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவதென இலங்கை அரசு இலக்கு வைத்திருக்கிறது. அந்த இலக்கோடு கிழக்கில் பெரிதாக யாருக்கும் பகையில்லை. தகராறு காணியில் தொடங்குகிறது. தரையில் நிறுவும் சூரியமின் நிலையத்துக்கு மெகாவாட் ஒன்றுக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும். தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதி சூரியமின் நிலையத்தின் 648 மெகாவாட்டுக்கு ஏறத்தாழ 2,500 ஏக்கர் பிடித்தது. இவ்வளவையும் ஒரே துண்டாகத் தேடும்போது அதிகாரிகளின் கண் முதலில் அரச காணியில் விழுகிறது. ஆண்டின் ஒரு பகுதியில் மட்டும் பயன்படும் அரச காணியை ஆளில்லாக் காணியாகக் கொள்ளும் நடைமுறையே சர்ச்சையின் வேர் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மட்டக்களப்பு மாவட்டத்தில் வாழைச்சேனைக்கு அப்பால் கிரான், செங்கலடிப் பிரதேசங்களின் மாட்டுப்பட்டிகளைப் பாருங்கள். பெரும்போக விதைப்பு தொடங்கியதும் மாடுகள் வயல்வெளியை விட்டு நீங்கியாக வேண்டும். பயிரில் வாய்வைத்தால் வழக்குத்தான். அப்போது பட்டிகள் மயிலத்தமடு, மாதவனை போன்ற மேய்ச்சல் தரைகளுக்குப் போகின்றன. அறுவடைக்குப் பின் வயலுக்குத் திரும்பித் தாள் மேய்கின்றன; வயலுக்கு எருவும் சேர்கிறது. ஆக, மேய்ச்சல் தரை போனால் பட்டிக்காரரோடு வயற்காரரும் நட்டப்படுவார். பட்டிகள் இல்லாத மாதத்தில் அங்கே செல்லும் நில அளவையாளருக்கோ பற்றைக்காடுதான் தெரியும். மாட்டுக்குக் குறி உண்டு. அது மேயும் தரைக்கு வர்த்தமானி அறிவித்தல் இல்லை. 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் போராட்டம் தொடங்கியது வெளியார் பயிர்ச்செய்கைக்கு எதிராகத்தான். எனினும் ஆவணமில்லாத உரிமை எவ்வளவு எளிதில் சரியும் என்பதை அது காட்டியது.

திருகோணமலை முத்துநகரில் இதே பலவீனம் சூரியமின் திட்டத்தோடு நேரடியாக மோதியது. துறைமுக அதிகார சபைக்குரியதெனப்படும் காணியில் நெடுங்காலம் நெல் விதைத்த குடும்பங்கள், அது தனியார் சூரியமின் நிறுவனங்களுக்கு வழங்கப்பட்டபோது 2025இல் வீதிக்கு வந்தன. தாளின்படி உரிமை அதிகார சபைக்கே. ஆனால் குளமும் வாய்க்காலும் அமைந்து போகந்தோறும் விளைந்த வயலை வெறும் அத்துமீறல் என்று ஒதுக்குவது சட்டத்தின் குறுகிய வாசிப்பு. சம்பூரின் நினைவும் அருகிலேயே இருக்கிறது: 2006இல் மக்கள் இடம்பெயர்ந்தார்கள், மறு ஆண்டு உயர் பாதுகாப்பு வலயம் வந்தது, நிலக்கரி மின்நிலையத் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது, 2025 ஏப்ரலில் சூரியமின் திட்டம் தொடக்கிவைக்கப்பட்டது.

குத்தகையே தீர்வு என்போர் கர்நாடகத்தின் பாவகடா சூரியமின் பூங்காவைக் காட்டுவர். அங்கே 13,000 ஏக்கர் விவசாயிகளிடமிருந்து வாங்கப்படாமல், ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் தொடக்க வாடகையில் பெறப்பட்டது. நல்ல ஏற்பாடுதான், காணி உறுதி உள்ளவருக்கு. கூலியாளுக்கும் ஆடு மேய்ப்பவருக்கும் அந்த வாடகையில் பங்கில்லை. அரச காணியே மிகுந்த மட்டக்களப்பில் குத்தகைப் பணம் திறைசேரிக்குப் போகும். பட்டிக்காரருக்கு வேலி மட்டும் மிஞ்சும். வேலைவாய்ப்பு வாதமும் மெலிந்ததே. வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்டிருந்த காலத்தில் வாழைச்சேனைக் காகித ஆலை வயலோடு பிணைந்த தொழிலாக இருந்தது. சூரியமின் பண்ணையிலோ தகடுகளைக் கழுவவும் காவல் காக்கவும் சிலரே போதும்.

எனவே காணி விடுவிக்குமுன் இரு போகத்திலும் தனித்தனியே கள ஆய்வு வேண்டும். கமநல சேவை நிலையமும் கால்நடை வைத்திய அலுவலகமும் தரும் பயனாளர் பதிவைப் பிரதேச செயலகம் கட்டாய ஆவணமாக ஏற்க வேண்டும். ஓராண்டு தாமதமாகுமே என்பர். ஆனால் 2025 ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை சரிந்தபோது, கூரைச் சூரியமின் உற்பத்தியைப் பகலில் நிறுத்திவைக்கும்படி இலங்கை மின்சார சபையே கேட்டுக்கொண்டது. சேமிப்புக் கலங்களும் கடத்தும் கம்பிகளும் வருமுன் காணியை மட்டும் அவசரமாக அடைப்பதற்கு மின்துறையின் கணக்கிலேயே நியாயம் இல்லை.